எடை குறைவாகப் பிறந்ததால்தான் குழந்தைக்கு ஒவ்வாமை வருகிறதா?

கர்ப்பத்தில் நீங்கள் ஒழுங்காகச் சாப்பிடாததால் பையன் 2.1 கிலோவில் பிறந்தான் என்றும், அதனால்தான் மூன்று வயதில் முட்டை தின்றால் உடம்பெல்லாம் தடிக்கிறது என்றும் மாமியார் சொல்வதாக எழுதி, அது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் அல்ல. பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில், பேச்சு தமிழிலும் பதிவேடு மலையாளத்திலுமாக நடக்கும் ஓர் அங்கன்வாடியில் 19 ஆண்டுகளாக டீச்சராக இருக்கிறேன். பிறந்த எடையைக் குறித்து வைப்பதும் மாதந்தோறும் எடை போடுவதும் என் வேலை என்பதால், இதே கேள்வியைப் பல தாய்மார்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

முட்டை விஷயத்தில் உங்கள் மாமியார் சொல்வது சரியல்ல. ஆய்வுகள் ஏறக்குறைய நேர்மாறாகச் சொல்கின்றன. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழகத்தினர் 42 ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியிட்ட முடிவின்படி, பிறந்த எடை ஒரு கிலோ கூடினால் உணவு ஒவ்வாமை வரும் வாய்ப்பு 44 சதவீதமும், கரப்பான் என்னும் அரிப்புத் தோல் நோய் (எக்ஸிமா) வரும் வாய்ப்பு 17 சதவீதமும் கூடுகிறது. 44 என்றதும் மலைத்துவிட வேண்டாம்: நூறில் ஐந்து குழந்தைகளுக்கு வருவதாக வைத்துக்கொண்டால், அது ஏழாகும், அவ்வளவுதான். அந்த ஆய்வுகள் பெரும்பாலும் வசதியான நாடுகளில், குறிப்பாக ஐரோப்பாவில், நடந்தவை என்பதையும் மறக்கக் கூடாது. செம்மறியாடுகளிலும் இதே போக்கைக் கண்டிருக்கிறார்கள். நச்சுக்கொடி சிறுத்து வளர்ச்சி குன்றிப் பிறந்த குட்டிகளுக்கு ஒவ்வாமைப் பொருளைத் தோலில் செலுத்தியபோது, மற்றக் குட்டிகளைவிடக் குறைவாகவே தடித்தது.

என் மூத்த மகள் 3.4 கிலோவில் பிறந்தாள். கொழுகொழுவென்று இருக்கிறாள் என்று தெருவே மெச்சிய அவளுக்குத்தான் முழங்கை மடிப்பில் கரப்பான் வந்து, இரண்டாம் வகுப்பு வரை, காலையில் தலையணை உறையை உதறினால் சொறிந்த இடத்துச் செதிலும் இரத்தப் பொட்டும் இருக்கும். ஒரு வீட்டுக் கதையை வைத்து எதையும் நிறுவ முடியாது என்பது தெரியும். ஆனாலும் பெருத்துப் பிறந்தால் நோய் அண்டாது என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த உறைதான் நினைவுக்கு வருகிறது.

ஆனால் ஒவ்வாமை என்ற ஒரே சொல்லில் தோலையும் நெஞ்சையும் சேர்த்துப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். மூச்சு இளைப்பு வேறு கணக்கு. எடை குறைந்தும், அதைவிட முக்கியமாக மாதம் முந்தியும் பிறந்த குழந்தைகளுக்கு இளைப்பும் ஆஸ்துமாவும் கூடுதலாக வருகின்றன. மூச்சுக்குழாய்கள் கிளை பிரிந்து முடிவது கர்ப்பத்தின் ஏறத்தாழ 17ஆவது வாரத்துக்குள். பின்னர் அவை பருத்து நீளுமே தவிர, புதிய கிளைகள் முளைப்பதில்லை. ஆகவே வயிற்றுக்குள் வளர்ச்சி குன்றினால் குழாய் குறுகலாகவே அமைந்துவிடக்கூடும். எட்டாம் மாதத்தில் 1.9 கிலோவில் பிறந்த என் தம்பி மகனுக்குத் தோலில் ஒன்றுமில்லை. மார்கழியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புழுதியோடு வீசத் தொடங்கினால் நெஞ்சு விசில் அடிக்கும். அவர்கள் வீட்டில் அப்போது விறகடுப்பு. வீட்டுப் புகையும் பீடி, சிகரெட் புகையும் கருவின் எடையையும் குறைக்கும், குழந்தையின் மூச்சையும் கெடுக்கும்.

உணவைப் பற்றி இன்னொன்று. கத்தரிக்காய், கருவாடு, சோளம் எல்லாம் கரப்பான் பண்டம் என்று கர்ப்பிணிக்கு விலக்கிவிட்டு, கூடவே முட்டையையும் நிலக்கடலையையும் நிறுத்திவிடுகிற வீடுகள் எங்கள் பக்கம் நிறைய உண்டு. தாய் இப்படி விலக்குவதால் குழந்தைக்கு ஒவ்வாமை வராமல் தடுக்கலாம் என்பதற்கு ஆதாரம் இல்லை. பிறந்த பிறகும் இதே கதைதான். 2015இல் வெளியான இங்கிலாந்து ஆய்வொன்றில், கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 4 முதல் 11 மாதக் குழந்தைகள் 640 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் நிலக்கடலை உணவைத் தொடர்ந்து கொடுத்தார்கள்; ஐந்து வயதில் கடலை ஒவ்வாமை இருந்தது, கடலையை விலக்கியவர்களில் 17.2 சதவீதம் பேருக்கு, தின்றவர்களில் 3.2 சதவீதம் பேருக்கு. குழந்தைகளுக்கு ஆறு மாதம் முதல் நாங்கள் அங்கன்வாடியில் கொடுக்கும் அமிர்தம் பொடி என்ற சத்துமாவில் கோதுமை, கடலைப்பருப்பு, சோயாவோடு நிலக்கடலையும் இருக்கிறது. கடலை இருக்கிறதே என்று அதைத் திருப்பித் தந்த தாய்மார்களிடம் இப்போது இந்தக் கணக்கைத்தான் சொல்கிறேன். அந்த ஆய்வில் மருத்துவர்கள் சோதித்த பிறகே கொடுத்தார்கள் என்பதால், கரப்பான் கடுமையாக உள்ள குழந்தைக்கு மட்டும் முதலில் மருத்துவரைக் கேட்கச் சொல்வேன். முழுக் கடலை எந்தச் சிறு குழந்தைக்கும் கூடாது, தொண்டையில் அடைத்துவிடும்.

உங்கள் பையனுக்கு ஏற்கெனவே தடிப்பு வருவதால், வீட்டிலேயே மறுபடி முட்டை கொடுத்துச் சோதிக்காதீர்கள். உதடு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். முட்டை ஒவ்வாமை பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளர மாறிவிடும். எப்போது மறுபடி கொடுக்கலாம் என்பதை மருத்துவர் சொல்லட்டும். அவரிடம் போகும்போது தாய்-சேய் அட்டையை எடுத்துச் சென்று, எடைக்குப் பக்கத்தில் எத்தனையாவது வாரத்தில் பிறந்தான் என்று எழுதியிருப்பதையும் காட்டுங்கள். 35 வாரத்தில் 2.1 கிலோ என்றால் அவன் அவசரமாக வந்தவன். 39 வாரத்தில் 2.1 என்றால் வயிற்றுக்குள்ளேயே வளர்ச்சி குன்றியவன். எங்கள் பதிவேட்டில் எடைக்கு ஒரு கட்டம் உண்டு, அந்த வாரத்துக்கு இல்லை. நான் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொள்கிறேன்.