இரண்டும் நம்பிக்கைதானா?

கேள்வி: அணுவை நீங்கள் கண்ணால் பார்த்ததில்லை. யாரோ விஞ்ஞானி சொன்னார் என்று நம்புகிறீர்கள். பெரியவர்கள் சொன்ன கடவுளை நாங்கள் நம்புகிறோம். இரண்டும் நம்பிக்கைதானே? உங்களுடையது மட்டும் எப்படி உசத்தி?

பதில்: பார்த்ததில்லை, உண்மைதான். ஆனால் ‘நம்பிக்கை’ என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்துக்கொண்டதால் இரண்டும் ஒன்றாகிவிடாது.

யுரேனஸ் கோள் கணக்குப்படி நகரவில்லை. அதற்கும் அப்பால் ஒரு கோள் இருந்து இழுக்கிறது என்று நம்பினார் பிரான்சின் வானியலாளர் லெ வெரியே. அவரும் அதைப் பார்த்ததில்லை. ஆனால் வானத்தில் இன்ன இடத்தில் தேடுங்கள் என்று பெர்லினில் இருந்த வானியலாளர் கால்லேவுக்கு எழுதினார். கடிதம் கிடைத்த இரவே, 1846 செப்டம்பர் 23 அன்று, தொலைநோக்கியில் தெரிந்த புள்ளிகளை கால்லே ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, பக்கத்தில் ஒரு மாணவர் வரைபடத்தில் சரிபார்த்துக்கொண்டே வந்தார். ஒரு புள்ளி மட்டும் படத்தில் இல்லை. அதுதான் நெப்டியூன். சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைகூட விலகவில்லை.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு முக்கியம். புதனின் பாதையிலும் சின்னப் பிசகு. சூரியனுக்கு அருகே இன்னொரு கோள் இருக்கிறது என்று அதே லெ வெரியே, அதே முறையில் சொன்னார். வல்கன் என்று பெயர்கூட வைத்தாயிற்று. பல ஆண்டுகள் தேடியும் சிக்கவில்லை. 1877-இல் இறக்கும்வரை அவர் அதை விடவில்லை, வானியல் விட்டுவிட்டது. அப்படியொரு கோளே தேவைப்படாமல் 1915-இல் ஐன்ஸ்டைன் அந்தப் பிசகுக்குக் கணக்குச் சொன்னார். நெப்டியூனைச் சொன்னவர் என்ற பெயர் வல்கனைக் காப்பாற்றவில்லை. விஞ்ஞானி சொன்னதை நான் ஏற்பது இந்தக் கறாரை நம்பித்தான்.

அறுவை அரங்கின் வாசலில் மகனுக்காகக் கைகூப்பி நிற்கும் தாயின் நம்பிக்கை வேறு. மகன் பிழைக்காமல் போனாலும் கடவுளை விடாத தாய்மார்கள் உண்டு. அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். அந்த உறுதி எனக்கு வாய்த்ததில்லை. அதன்முன் எனக்கு மரியாதைதான் வருகிறது. எது உசத்தி என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

சரி, அதே கடவுளின் பெயரைச் சொல்லி ‘இந்தப் புனித நீர் புற்றுநோயைத் தீர்க்கும்’ என்று ஒருவர் வந்தால்? அது உடம்பைப் பற்றிய பேச்சு. எத்தனை பேர் குடித்தார்கள், எத்தனை பேருக்குத் தீர்ந்தது, குடிக்காதவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்பேன். கடவுள் விஷயத்தில் இப்படியெல்லாம் கேட்கலாமா என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். பதில் வரும்வரை அந்த நோயாளியை மருத்துவரிடம்தான் அனுப்புவேன்.