ஆற்றில் இறங்கிக் கடலோரமாகச் சுற்றித் திரும்ப, சிறு படகுப் பயணத்தை எப்படித் திட்டமிடுவது?

"படகு இருக்கிறது, மூன்று நாள் விடுமுறை இருக்கிறது. ஆற்றில் இறங்கி, முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போய், கரையோரமாக ஓரிடத்தில் தங்கிவிட்டுத் திரும்ப வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?" என்பது கேள்வி. ஐந்தாறு மீட்டர் நீளமுள்ள திறந்த படகு, படகின் பின்புறம் வெளியே மாட்டும் 40 எச்பி நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார், மூன்று பேர், கூடாரம், தண்ணீர், சாப்பாடு என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். உங்கள் படகு வேறு மாதிரி என்றால் எண்கள் மாறும், முறை மாறாது.

திட்டத்தை முகத்துவாரத்திலிருந்து தொடங்குங்கள். வழக்கமாக எல்லோரும் வரைபடத்தை விரித்துத் தங்கும் இடங்களைக் குறித்து, தூரத்தைக் கூட்டி, கடைசியில்தான் முகத்துவாரத்தை நினைக்கிறார்கள். ஆறும் கடலும் சந்திக்கிற அந்த அரை மைல்தான் முழுப் பயணத்திலும் ஆபத்தானது. அதைக் கடக்கும் நேரத்தை முதலில் குறித்துவிட்டு, மற்றதையெல்லாம் அதற்கு முன்னும் பின்னுமாக அடுக்க வேண்டும்.

காரணம் எளிது. ஆறு கொண்டுவரும் மணல் முகத்துவாரத்தின் வாயில் படிந்து திட்டாகிறது. கடல் வற்றும்போது ஆற்று நீரும் வற்றும் நீரும் சேர்ந்து வேகமாக வெளியே பாயும். வெளியிலிருந்து வரும் அலை அந்த எதிர் ஓட்டத்தில் மோதும்போது குறுகிச் செங்குத்தாகும், ஆழம் குறைந்த திட்டின் மேல் உடையும். அதே இடம் மூன்று மணி நேரம் கழித்துக் குளம்போலக் கிடக்கும். நீரின் ஆழம் அலையின் உயரத்தைப்போல ஏறக்குறைய 1.3 மடங்காகக் குறையும்போது அலை உடையும் என்று வைத்துக்கொள்ளலாம். அதாவது ஒரு மீட்டர் அலை 1.3 மீட்டர் ஆழத்தில் உடையும். எதிர் ஓட்டம் இருந்தால் அதைவிட ஆழத்திலேயே உடைந்துவிடும்.

ஆகவே போனாலும் வந்தாலும், கடல் நீர் ஏறி முடிகிற கடைசி ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் கடந்துவிடுவது நல்லது. வெளியே போகும்போது எதிர் ஓட்டத்தில் கொஞ்சம் எண்ணெய் (பெட்ரோல்) கூடச் செலவாகும், ஆகட்டும். மேலே மழை பெய்து ஆறு பெருகியிருந்தால் நீர் வெளியேறும் நேரம் நீளும், வேகமும் கூடும். கடல் ஏறி வற்றும் நேரங்களைத் தரும் அட்டவணையில் ஏற்றம் என்று போட்டிருக்கும் நேரத்திலும் ஓட்டம் வெளியே போய்க்கொண்டிருக்கலாம். அட்டவணை சொல்வது நீர்மட்டத்தை மட்டும்தான். ஓட்டத்தை உங்கள் கண்தான் பார்க்க வேண்டும்.

நாளுக்கு இரண்டு ஏற்றம் உள்ள கடற்கரையில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். கடற்காற்று முற்பகலில் எழும்பிப் பிற்பகலில் வலுக்கும் என்பதால் காலை ஏற்றம்தான் உங்களுக்கு வேண்டும். முதல் நாள் ஆற்றில் இறங்கி வந்து முகத்துவாரத்துக்கு உள்ளேயே தங்குங்கள். இரண்டாம் நாள் 7:30 மணி ஏற்றத்தில் வெளியே போகலாம். மூன்றாம் நாள் ஏற்றம் 8:20 வாக்கில் வரும், அதில் உள்ளே வரலாம். இப்படி அமையும் தேதியைப் பார்த்து விடுமுறை எடுங்கள். விடுமுறையை முதலில் எடுத்துவிட்டு அதற்குள் கடலைத் திணிக்க முடியாது.

இதில் ஒரு நுணுக்கம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் பெரிது, ஓட்டமும் வேகம். அரை நிலா நாள்களில் இரண்டும் குறைவு. ஓர் இடத்தில் அந்தப் பெரிய ஏற்றம் எந்த மாதத்திலும் ஏறக்குறைய ஒரே கடிகார நேரத்தில்தான் வரும். எனவே காலை ஏற்றம் உங்கள் முகத்துவாரத்தில் பெரிய ஓட்ட நாள்களில் வருகிறதா, சின்ன ஓட்ட நாள்களில் வருகிறதா என்று அட்டவணையில் ஒரு மாதத்தைப் புரட்டினாலே தெரிந்துவிடும். சின்ன ஓட்ட நாளில் காலை ஏற்றம் அமைந்தால் அதைவிட வசதி வேறில்லை.

நீர் இறங்கும் கணக்கையும் மனதில் வையுங்கள். மொத்த இறக்கம் 1.2 மீட்டர் என்றால் மணிக்கு மணி 10, 20, 30, 30, 20, 10 சென்டிமீட்டர் என்று இறங்கும். மூன்றாவது, நான்காவது மணி நேரங்களில் பத்து நிமிடத்துக்கு 5 சென்டிமீட்டர். அப்போது மணலில் தட்டினால், மோட்டாரைத் தூக்கி இறங்கித் தள்ள உங்களுக்கு இருப்பது சில நிமிடங்கள்தான். உச்ச ஏற்றம் முடிந்து இரண்டு மணி நேரத்தில் சிக்கிக்கொண்டால், அதே மட்டத்துக்கு நீர் திரும்ப எட்டரை மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

முன்னறிவிப்பில் அலை உயரத்தை மட்டும் பார்க்கிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். அலைக்கும் அலைக்கும் இடைவெளி எத்தனை நொடி என்று பாருங்கள். 4 நொடி இடைவெளியில் வரும் ஒரு மீட்டர் அலை திறந்த கடலில் எலும்பை உலுக்கும். 14 நொடி இடைவெளியில் வரும் ஒரு மீட்டர் அலை அங்கே தெரியவே தெரியாது, படகு மெல்ல ஏறி இறங்கும். ஆனால் அந்த நீண்ட அலைதான் திட்டின் மேல் வந்ததும் எழும்பி நின்று உடையும். "கடல் அமைதியாக இருந்தது, வாயில் மட்டும் எப்படி இவ்வளவு அலை?" என்பதற்குப் பெரும்பாலும் இதுதான் விடை. மேலும், முன்னறிவிப்பில் சொல்லும் உயரம், எல்லா அலைகளிலும் மிகப் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரி. இடையிடையே அதன் இரு மடங்கு வரை ஒன்று வரலாம். காற்று வேகமும் சராசரிதான், வீச்சு அதைவிட 40 சதவீதம் வரை கூடலாம். இந்த அளவுத் திறந்த படகுக்கு 15 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது சுமார் 1.85 கிலோமீட்டர்) காற்றுக்கு மேல் முன்னறிவிப்பு இருந்தால் கிளம்ப வேண்டாம் என்பது என் கருத்து. "20 நாட்டிலும் போயிருக்கிறோம்" என்பவர்கள் இருப்பார்கள். அவர்கள் கையும் படகும் வேறு. முதல் பயணத்துக்குக் கேட்கிறவரிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வராது.

இனி வாயைக் கடப்பது. உள்ளிருந்து வெளியே பார்த்தால் அலையின் முகம் தெரியும், நிலைமை புரியும். கடலிலிருந்து உள்ளே பார்த்தால் அலைகளின் முதுகு மட்டுமே தெரியும், அது வழுவழுப்பாக இருக்கும். முன்பக்கம் உடைந்து நுரைத்துக்கொண்டிருப்பது உங்களுக்குத் தெரியாது. அதனால் வெளியே நின்று குறைந்தது 15 நிமிடம் பாருங்கள். அலை கூட்டம் கூட்டமாக வரும், நடுவில் கொஞ்சம் ஓயும். எங்கே உடைகிறது, எங்கே உடையாமல் உள்ளே போகிறது என்று கவனியுங்கள். உடையாத இடம்தான் ஆழமான தடம். பெருமழைக்குப் பிறகு அது இடம் மாறும் என்பதால் ஜிபிஎஸ்ஸில் போன வருடம் பதிந்த கோட்டை நம்பக் கூடாது.

நுழைவதற்கு முன்பே லைஃப் ஜாக்கெட் எல்லோர் உடம்பிலும் இருக்க வேண்டும். தளர்வாகக் கிடக்கும் சாமானைக் கட்டுங்கள், ஆட்களை நடுவில் உட்கார வையுங்கள், நிறைந்த டேங்குக்குக் குழாயை மாற்றுங்கள், மோட்டாரை நிறுத்தும் கயிற்றை ஓட்டுபவர் காலிலோ இடுப்பிலோ மாட்டுங்கள். உள்ளே வரும்போது ஓர் அலையின் முதுகில் ஏறி, அதன் வேகத்திலேயே வாருங்கள். முகட்டைத் தாண்டிவிட்டால் அணியம், அதாவது படகின் முன்முனை, கீழே குத்தும், படகு பக்கவாட்டில் திரும்பிக் கவிழும். பின்தங்கிவிட்டால் அடுத்த அலை பின்பக்கம் ஏறும். இந்த இரண்டுக்கும் நடுவில் த்ராட்டிலைக் கையிலேயே வைத்துக் கூட்டிக் குறைத்து வர வேண்டும். பாதியில் பயந்து திருப்பவே கூடாது. வெளியே போகும்போது அலையை நேராகவோ கொஞ்சம் சாய்வாகவோ சந்தியுங்கள். ஏறும்போது விசை கொடுங்கள், முகட்டில் குறையுங்கள். இல்லாவிட்டால் படகு தாவி மறுபக்கம் அறையும்.

சரியாக இந்த இடத்தில் மோட்டார் ஏன் நிற்கிறது என்று நிறைய பேர் கேட்பார்கள். ஆற்றில் அமைதியாக வரும்வரை டேங்கின் அடியில் தண்ணீரும் கசடும் படிந்து கிடக்கும். முதல் பெரிய குலுக்கல் வாயில்தான், அங்கேதான் அது கலங்கிக் குழாயில் ஏறும். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரைப் பயணத்துக்கு முன் மாற்றுங்கள், இன்னொன்று கையில் இருக்கட்டும். மாதக்கணக்கில் கிடந்த பெட்ரோலை ஊற்றாதீர்கள், எத்தனால் கலந்தது என்றால் அது ஈரத்தை இழுத்திருக்கும். மோட்டாரின் பின்னால் பீய்ச்சும் சிறு நீர்த்தாரையை அடிக்கடி திரும்பிப் பாருங்கள். அது நூலாக மெலிந்தால் குளிர்விக்கும் நீர் போகவில்லை என்று பொருள். உடனே நிறுத்தி, தூக்கி, நீர் உறிஞ்சும் துளையில் பிளாஸ்டிக் பை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். உபரியாக இம்பெல்லர் (குளிர்விக்கும் நீரை இறைக்கும் சிறு சக்கரம்), ஸ்பார்க் பிளக், புரொப்பல்லரும் அதைப் பூட்டும் ஊசியும், வலை சுற்றினால் அறுக்க ஒரு பல்வைத்த கத்தி: இவை கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

எண்ணெய்க் கணக்கை ஊகத்தில் போடாதீர்கள். டேங்கை விளிம்புவரை நிரப்பி, முழுச் சுமையோடு, ஓட்டப்போகும் அதே வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடி, மறுபடி நிரப்புங்கள். உள்ளே போன அளவுதான் ஒரு மணி நேரச் செலவு. அது 12 நாட் வேகத்தில் 9 லிட்டர் என்று வைப்போம். ஆற்றில் 18 கடல் மைல், நீரோட்டம் 3 நாட். இறங்கி வர 1 மணி 12 நிமிடம், ஏறிப் போக 2 மணி நேரம். கடலில் போக 12, வர 12 கடல் மைல், அதற்கு 2 மணி நேரம். மொத்தம் 5 மணி 12 நிமிடம், 47 லிட்டர். இது எடுத்துப்போகும் எண்ணெயில் மூன்றில் இரண்டு பங்காகத்தான் இருக்க வேண்டும், ஆக 71 லிட்டர் வேண்டும். கடலில் அலையால் 8 நாட்டுக்கு இறங்கினால் ஒரு மணி நேரம், 9 லிட்டர் கூடும், மிச்சப் பங்கு அதற்குத்தான். 71 லிட்டர் 50 கிலோவுக்கு மேல் கனக்கும் என்பதையும் சுமைக் கணக்கில் சேருங்கள். கையில் தூக்கும் டேங்குகளைக் கரையில் இறக்கி வைத்து நிரப்புங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் தேங்கிவிடும்.

மெதுவான படகில் நீரோட்டம் இன்னும் கடுமையாக அடிக்கும். 6 நாட் வேகப் படகுக்கு அதே 18 மைல் ஏறிப் போக 6 மணி நேரம், இறங்கி வர 2. மேலிருந்து தொடங்குகிறவருக்குச் செலவு மிகுந்த பகுதி கடைசி நாளில், களைத்த நேரத்தில், காலியாகிவரும் டேங்கோடு வருகிறது என்பதை மறக்க வேண்டாம்.

ஆற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வளைவின் வெளிப்பக்கம் ஆழம், உள்பக்கம் மணல். ஒரு முனையிலிருந்து அடுத்த முனைக்கு நேர்கோடு போட்டால் திட்டின் மேல்தான் போவீர்கள். பாலமும் மின்கம்பியும் ஏற்ற நேரத்தில் தாழ்வாகிவிடும், ஆன்டெனாவோடு சேர்த்து உயரம் அளந்து வையுங்கள். தடுப்பணையை மேலிருந்து வரும்போது பார்த்தால் நீர்ப்பரப்பில் ஒரு நேர்கோடாக மட்டுமே தெரியும். அருகே போகவே போகாதீர்கள்.

கேட்காததைச் சொல்கிறேன் என்று கோபித்தாலும் பரவாயில்லை. படகுப் படங்களில் அணியத்தில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டு வருவது அழகாகக் காட்டப்படுகிறது. ஓர் அலையில் வழுக்கினால் அந்த ஆள் படகுக்கு அடியில் போய்ப் புரொப்பல்லரில்தான் எழுவார். குழந்தைகளை அங்கே உட்கார வைக்கிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. நின்று கிடக்கும் சின்னப் படகுகளை உரசுகிற மாதிரி முழு வேகத்தில் போய், தன் படகு பின்னால் எழுப்பும் அலை அவற்றைப் புரட்டுவதைத் திரும்பிக்கூடப் பார்க்காதவர்களும் இதே வகை.

நங்கூரத்துக்கு வருகிறேன். தங்குமிடத்தில் நீர் வற்றியிருக்கும்போது ஆழம் 3 மீட்டர், ஏற்றம் 1.2, நீருக்கு மேல் அணியத்தின் உயரம் 0.8, ஆக 5 மீட்டர். பகலில் அதைப்போல 5 மடங்கு, 25 மீட்டர் கயிறு. இரவில் 7 மடங்கு, 35 மீட்டர். நங்கூரத்தோடு படகின் நீளத்துக்குச் சங்கிலி. அணியத்தில்தான் கட்ட வேண்டும். ஓட்டத்தில் பின்பக்கம் கட்டினால் மோட்டாரின் எடையும் சேர்ந்து படகு நீர் வாரிக்கொள்ளும். வாயைக் கடக்கும்போது நங்கூரம் மூட்டைக்கு அடியில் இருக்கக் கூடாது, மோட்டார் நின்றால் உங்களைப் பிடித்து நிறுத்த அது ஒன்றுதான்.

இரண்டாம் நாள் இரவு தங்குமிடம், விடிந்ததும் கிளம்பி ஏற்றத்துக்குள் வாய்க்கு வந்துசேரும் தூரத்தில் இருக்க வேண்டும். அன்று வாய் மோசமாக இருந்தால் ஒதுங்க, திட்டு இல்லாத வேறொரு துறைமுகத்தை முன்பே குறித்து, அதற்கான எண்ணெயையும் கணக்கில் வையுங்கள். ஒரு நாள் கூடுதல் தண்ணீரும், தலைக்கு 4 லிட்டர், சேர்த்து எடுங்கள்.

போன் மட்டும் போதாது. விஎச்எஃப் ரேடியோவில் 16ஆம் சேனலில் அழைத்தால் சுற்றியுள்ள எல்லாப் படகுக்கும் கேட்கும், போனில் ஒருவருக்குத்தான். கையடக்க ரேடியோ தாழ்வான படகிலிருந்து சில மைல்தான் எட்டும், அதற்கு மேல் போவதென்றால் 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கன் (செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் கருவி) வேண்டும். உரிமம், பதிவு விதிகளை உங்கள் நாட்டில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கரையில் ஒருவரிடம் தாளில் எழுதிக் கொடுங்கள்: படகின் நிறம், நீளம், ஆட்கள், தடம், ஒதுங்கும் இடம், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் கடலோரக் காவலை அழைக்க வேண்டும் என்பது. 4 மணிக்கு வருவதாக இருந்தால் 6 மணி என்று போடுங்கள். கரை சேர்ந்ததும் மோட்டாரை நன்னீரில் அலசுவதற்கு முன் அவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.