டப்பாவில் இருக்கும் எண்ணும் நம்ம ஊர் வண்டியும்: ஆயில் கேள்வி பதில்

நாகர்கோவிலில் பட்டறை வைத்திருக்கிறேன். இந்தத் தடவை வந்த கேள்விகளில் முக்கால்வாசி இன்ஜின் ஆயில் பற்றியவை. ஒரேயடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன்.

தக்கலை: அண்ணாச்சி, 10டபிள்யூ-30 என்றால் 10-லிருந்து 30 வரை கெட்டியாகும் என்று கடையில் சொல்கிறார்கள். சரியா?

இல்லை. மார்கழி விடியற்காலையில் தேங்காய் எண்ணெய்க் குப்பியைக் கவிழ்த்துப் பாருங்கள், சொட்டாது. அதுவே அடுப்பில் காய்ந்தால் தண்ணீராய் ஓடும். இன்ஜின் ஆயிலும் ஏறக்குறைய அப்படித்தான்: குளிரில் இறுகும், சூட்டில் இளகும். டபிள்யூ என்பது விண்டர், குளிர்காலம். 10டபிள்யூ ஆயிலை மைனஸ் 25 டிகிரியில் சோதிக்கிறார்கள். அந்தக் குளிரிலும் இன்ஜினைச் சுழலவிடும் அளவுக்குத்தான் இறுக வேண்டும். 5டபிள்யூ-வுக்கு மைனஸ் 30. பின்னால் வரும் 30 என்பது 100 டிகிரி சூட்டில் அளந்தது, 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் (ஆயில் எவ்வளவு கெட்டி என்று சொல்லும் அளவு) வரை. 40 என்றால் 12.5 முதல் 16.3. ஆக, முன் எண்ணுக்கு ஒரு தராசு, பின் எண்ணுக்கு வேறொரு தராசு. நம்ம மாவட்டத்தில் மைனஸ் எங்கே வரப்போகிறது? பின் எண்ணைக் கவனியுங்கள்.

மார்த்தாண்டம்: வண்டியோடு வந்த புத்தகத்தில் 10டபிள்யூ-30 போட்டிருக்கிறது. மெக்கானிக், வெயில் ஊருக்கு 20டபிள்யூ-50தான் நல்லது என்கிறார்.

வெளியே வெயில் 35 டிகிரி. ஓடுகிற இன்ஜினுக்குள் ஆயில் 100-ஐ ஒட்டிக் காய்கிறது. அதற்கு முன்னால் வெயில் எம்மாத்திரம்? கெட்டியாக இருந்தால் பாதுகாப்பு என்பது பழைய இன்ஜின் காலத்துப் பேச்சு. இப்போதைய இன்ஜினில் இடைவெளிகள் சிறிசு. கெட்டி ஆயில் ஸ்டார்ட் செய்ததும் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு ஏறத் தாமதமாகும், மைலேஜும் குறையும். புத்தக அட்டவணையில் இரண்டு மூன்று கிரேடு கொடுத்திருந்தால் பின் எண் பெரியதை எடுக்கலாம், தப்பில்லை. லட்சம் கிலோமீட்டர் தாண்டி ஆயில் குடிக்கிற வண்டிக்கு 30-லிருந்து 40-க்கு நானே ஏற்றியிருக்கிறேன். அது தேய்ந்த பிஸ்டன் ரிங்குக்கு வைத்தியம் இல்லை, நாள் கடத்துவது.

குலசேகரம்: காருக்கு வாங்கிய ஆயில் மிச்சம் இருக்கிறது. கிரேடு ஒன்றுதான். பைக்கில் ஊற்றலாமா அண்ணே?

தொழிலுக்கு வந்த புதிதில் நான் ஊற்றினேன். பேச்சிப்பாறை போகிற ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை முறுக்கினால் இன்ஜின் அலறுகிறது, வண்டி ஊர்கிறது. கிளட்ச் கேபிளைத்தான் சந்தேகப்பட்டேன், திருகித் திருகி விரல் நொந்ததுதான் மிச்சம். பெரும்பாலான பைக்கில் கிளட்ச் பிளேட் இன்ஜின் ஆயிலிலேயே ஊறிக் கிடக்கும். கார் ஆயில்கள் சிலவற்றில் உராய்வைக் குறைக்கும் சரக்கு சேர்ந்திருக்கும்; இன்ஜினுக்கு நல்லது, பிளேட்டுக்குப் பிடிமானம் போச்சு. டப்பாவின் பின்பக்கம் ஜாசோ (ஜப்பான் தர முத்திரை) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று பார்த்து வாங்குங்கள். ஸ்கூட்டரில் கிளட்ச் தனியாகக் காய்ந்து கிடப்பதால் அதற்கு எம்பி. ஸ்கூட்டர் ஆயிலைப் பைக்குக்கு ஊற்றிவிடாதீர்கள்.

அருமனை: தினமும் விடியுமுன் ரப்பர் வெட்டுக்கு பைக்கில் 2 கிலோமீட்டர் போய் வருகிறேன். ஆயில் மூடியைத் திறந்தால் வெண்ணெய் மாதிரி ஒட்டியிருக்கிறது.

பயப்பட வேண்டாம், ஈரம்தான். 2 கிலோமீட்டரில் ஆயில் சூடாவதே இல்லை. இன்ஜினுக்குள் வியர்க்கிற தண்ணீர் ஆவியாகிப் போக வழியில்லாமல் ஆயிலோடு கலந்து கடைந்த மோர் போல ஆகிவிடுகிறது. நமக்கு ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. மேற்கே தோட்டப் பக்கம் இது அதிகம். வாரம் ஒரு நாள் அரை மணி நேரம் நிற்காமல் ஓட்டுங்கள். கிலோமீட்டர் கணக்கைப் பார்த்துக் காத்திராமல் மாதக் கணக்கில் ஆயில் மாற்றுங்கள். இதே நிறம் காரில், ஸ்டிக் முழுக்க வந்து, கூலண்டும் (இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர்) குறைந்தால் கதை வேறு. ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கட் போய், அந்தத் தண்ணீர் ஆயிலில் இறங்கியிருக்கலாம். ஓட்டாமல் கட்டி இழுத்து வாருங்கள்.

குளச்சல்: வள்ளத்து மோட்டாருக்கு 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் தீர்ந்தால் பெட்ரோலில் பைக் ஆயிலைக் கலக்கலாமா?

கூடாது. 2டி எரிந்து போவதற்கென்றே செய்தது. பைக்கின் 4டி (ஃபோர் ஸ்ட்ரோக்) ஆயில் எரிந்தால் சாம்பல் தங்கும். பிளக் அடைக்கும், ரிங் ஒட்டும். நடுக்கடலில் கயிற்றை இழுத்துக்கொண்டு நிற்பீர்கள். தண்ணீரில் குளிரும் மோட்டாருக்கு டிசி-டபிள்யூ3 (TC-W3) என்று டப்பாவில் போட்டதை வாங்குங்கள்.

ஆரல்வாய்மொழி: டீசல் கார். ஆயில் மாற்றி ஒரு வாரத்தில் கறுத்துவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. கரியைப் பிடித்து வைப்பது அதன் வேலை. பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டி என்றால் கறுப்பை விட்டுவிட்டு, சாம்பல் குறைந்த ஆயில்தானா என்று பாருங்கள்; புத்தகத்தில் ஏசிஇஏ (ஐரோப்பியத் தர முத்திரை) சி2, சி3 என்று ஏதாவது எழுதியிருக்கும். மலிவுக்கு வேறு ஊற்றினால் புகைக்குழாய் ஃபில்டரில் சாம்பல் படியும். அது எரிந்து போகாது.

நாகர்கோவில்: ஆயில் அளவு பார்க்கும்போது ஸ்டிக்கைத் திருக வேண்டுமா?

நிறைய பைக்கில் திருகாமல் சும்மா இறக்கித்தான் பார்க்க வேண்டும். உங்கள் வண்டிக்கு எப்படி என்று புத்தகத்தில் படம் இருக்கும். சமதரையில், நடு ஸ்டாண்டில், இன்ஜினை நிறுத்திச் சில நிமிடம் கழித்து. மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் வடித்துவிடுங்கள்.