இசையும் ஓவியமும் பிடிக்கும் என்றால் எந்த வேலைக்குப் போகலாம்?

கேள்வி: “எனக்கு இசையும் பிடிக்கும், ஓவியமும் பிடிக்கும். இரண்டில் எதையும் விட மனமில்லை. எந்தத் தொழில் எனக்குப் பொருந்தும்?”

பதினெட்டு வயதில் நானும் இதைத்தான் கேட்டுக்கொண்டு அலைந்தேன். “ஒன்றைப் பிடித்துக்கொள், மற்றதை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்” என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அதைக் கேட்டு ஆறு வருடத்தை இழந்தவன் நான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நீங்கள் படிப்பை முடிக்கும் கட்டத்தில் இருக்கிறீர்கள், “சரி, அடுத்து என்ன?” என்று வீட்டில் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். மேடையில் பாடியோ ஓவியம் விற்றோ வாழ்ந்துவிடலாம் என்ற உறுதி உங்களுக்கு இருந்தால் தாராளமாக இறங்குங்கள். அந்த உறுதி இருப்பவர்கள் பொதுவாக இப்படிக் கேள்வி கேட்பதில்லை.

நான் ஓவியத்தைப் பிடித்துக்கொண்டேன். அதாவது, வரைகலை வடிவமைப்பு வேலையில் சேர்ந்தேன். ஒரே விளம்பரத்தை இருபது அளவுகளில் மாற்றிக் கொடுக்க வேண்டும். திரையில் பளிச்சென்று இருந்த நீலம் அச்சில் ஏன் மங்கிப்போனது என்று வாடிக்கையாளருக்கு விளக்க வேண்டும். திரை ஒளியைக் கூட்டி நிறம் காட்டுகிறது, மை ஒளியை விழுங்கி நிறம் காட்டுகிறது. அந்த நீலம் நான்கு மைகளுக்குள் அடங்காது. இதை நான் மட்டமான வேலை என்று சொல்லவில்லை. ஆசையோடு செய்கிற நண்பர்கள் எனக்கு உண்டு, அவர்கள் என்னைவிட நன்றாகவும் செய்வார்கள். ஆனால் இரண்டாம் வருடத்திலேயே நான் வீட்டில் பென்சிலைத் தொடுவதை நிறுத்திவிட்டேன். நாள் முழுவதும் உழைத்த கண்ணுக்கு இரவில் இன்னொரு காகிதத்தைப் பார்க்கத் தெம்பில்லை. வாத்தியமும் உறையோடு மூலையில் கிடந்தது.

ஆறாவது வருடத்தில் தெரிந்தவர் ஒருவர் ஒரு பழைய கேசட்டைக் கொண்டுவந்தார். இறந்துபோன அவருடைய அப்பா வீட்டில் உட்கார்ந்து பாடியது. பாட்டுக்கு நடுவில் தொலைபேசி மணி அடிக்கிறது, பின்னால் முழுக்க மின்சார ரீங்காரம். “உனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே, இதைச் சரிசெய்ய முடியுமா?” என்றார். எனக்கு அப்போது அந்த வேலை தெரியாது. ஒரு மென்பொருளை இறக்கித் தட்டித் தடவிப் பார்த்தேன். அதில் ஸ்பெக்ட்ரோகிராம் என்று ஒரு காட்சி இருந்தது. ஒலியைப் படமாகக் காட்டும்: இடமிருந்து வலம் நேரம், கீழிருந்து மேல் சுருதி, ஒலி வலுவாக இருக்கும் இடத்தில் நிறம் பிரகாசமாக இருக்கும்.

அன்றிரவு நான் தூங்கவில்லை. ரீங்காரம் 50 ஹெர்ட்ஸில் ஒரு நேர்கோடு (சில நாடுகளில் 60), அதற்கு மேல் 100, 150 என்று அடுக்கடுக்காகக் கோடுகள். மணியோசை விட்டுவிட்டு வரும் சின்னச் சின்னப் பட்டைகள். அவற்றுக்கு நடுவே அந்த மனிதரின் குரல். குரல் குழையும் இடத்தில் கோடும் குழைந்தது. காதால் கேட்டு, கண்ணால் தேடி, மென்பொருளில் இருந்த தூரிகையால் மணியோசையை மட்டும் துடைத்து எடுத்தேன். இத்தனை வருடம் வரைந்த கை அந்த வேலைக்குத் தானாகவே பழகிக்கொண்டது.

அப்புறம் தவறும் செய்தேன். நாடாவின் இரைச்சல் துளியும் இருக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் வழித்து எடுத்துவிட்டேன். கேட்டுவிட்டு அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்பா அடிக்கடி மூச்சு வாங்குவாரே, அது எங்கே?” என்றார். இரைச்சலோடு சேர்த்து மூச்சையும் துடைத்திருந்தேன். அதைக் கேட்ட பிறகுதான் முறையாகப் படிக்க முடிவு செய்தேன். கேசட்டை மறுபடி வாங்கி, பிளேயரில் நாடாவைப் படிக்கும் ‘ஹெட்’ நாடாவுக்குச் சரியான கோணத்தில் இருக்கிறதா என்பதிலிருந்து தொடங்கினேன். அந்தக் கோணம் பிசகினால் உச்ச ஒலிகள் கணினியில் எடுக்கும் பதிவில் சரியாக ஏறாது, பிறகு எந்த மென்பொருளாலும் அவற்றை முழுதாக மீட்க முடியாது. ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளக்கிறோம் என்பது கிலோஹெர்ட்ஸ், ஒவ்வொரு அளவும் எவ்வளவு நுணுக்கம் என்பது பிட். சிடியின் தரம் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட். காப்பகங்களில் பெரும்பாலும் 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் எடுப்பார்கள். நானும் அப்படியே எடுத்தேன். இரண்டாம் முறை இரைச்சல் கொஞ்சம் இருந்தது, மூச்சும் இருந்தது. அவர் அழுதுவிட்டார்.

இப்போது பழைய பதிவுகளை மீட்பதும், படங்களுக்கு வசனத்தைச் சுத்தம் செய்வதும்தான் என் தொழில். மாறிய முதல் இரண்டு வருடம் வருமானம் குறைந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் பென்சில் திரும்பி வந்தது, வாத்தியமும் உறையை விட்டு வெளியே வந்தது.

“இசை” என்றோ “ஓவியம்” என்றோ பெயர் வைத்த வேலையைத் தேடினால் இதை நீங்கள் கண்டுபிடிக்கவே மாட்டீர்கள். காதும் கண்ணும் ஒன்றாக வேலை செய்யும் இடங்களைத் தேடுங்கள். இசைக்குறிப்புகளை அச்சுக்கு அமைப்பவர்கள் இருக்கிறார்கள்; பக்கத்தில் எங்கே இடம் விட்டால் வாசிப்பவர் தாளைத் திருப்ப வசதியாக இருக்கும் என்று யோசிப்பதே அவர்கள் வேலையில் பாதி. இசை நாடக மேடையில் இசைக்குறிப்பைப் படித்துக்கொண்டே ஒளி மாற்றத்துக்குக் குரல் கொடுப்பவர் உண்டு. விளையாட்டு மென்பொருளில் ஒலி அமைப்பவர் உண்டு. வாத்தியம் செய்பவர், பழுதுபார்ப்பவர் உண்டு; மரத்தின் தடிமனைக் கையால் தட்டியும் கேட்பார்கள். இசைச் சிகிச்சையையும் சிலர் சொல்வார்கள். அதற்குத் தனிப்படிப்பும் நோயாளிகளோடு பயிற்சியும் தேவை, பாடத் தெரிந்தால் மட்டும் போதாது.

கலையை வயிற்றுப்பாட்டுக்கு இழுத்தால் அது செத்துவிடும் என்று யாராவது கீழே எழுதக்கூடும். எனக்கு ஒரு வேலையில் அப்படி நடந்தது, இன்னொரு வேலையில் நடக்கவில்லை. அவ்வளவுதான் நான் சொல்வது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. வடிவமைப்பு வேலை தேடிய நாட்களில் ஒரு நிறுவனம் நேர்காணல் தேர்வு என்று என்னிடம் மூன்று அட்டைப்படங்கள் வரையச் சொன்னது. வேலை இல்லை என்று பதில் வந்தது. சில மாதம் கழித்து அதில் ஒன்று அச்சாகி வந்திருந்தது, பெயரும் இல்லை, பணமும் இல்லை. வயது குறைந்தவர்களிடம்தான் இதைச் செய்கிறார்கள். தேர்வுக்கு ஏதாவது கொடுக்க நேர்ந்தால் குறைந்த அளவில், உங்கள் பெயரைக் குறுக்கே போட்டுக் கொடுங்கள். காசு வாங்காமல் உரிமையைக் கொடுக்காதீர்கள்.

ஒலிப் பக்கம் வருவதாக இருந்தால் காதைப் பாருங்கள். 85 டெசிபலில் நாளுக்கு எட்டு மணி நேரம்தான் வரம்பு, அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்பது தொழிலாளர் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் சொல்லும் கணக்கு. ஹெட்போனைக் கத்தவிட்டு வேலை செய்த நண்பர் ஒருவருக்கு இப்போது நிற்காமல் காதில் இரைகிறது.

இன்றைக்கே ஒன்று செய்து பார்க்கலாம். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள் இலவசம். உங்கள் குரலில் ஒரு வரி பாடிப் பதிவு செய்து, காட்சியை ஸ்பெக்ட்ரோகிராமுக்கு மாற்றுங்கள். ‘ஆ’ படிக்கட்டு மாதிரி தெரியும், ‘ஸ’ மேலே மேகம் மாதிரி பரவும். அதைப் பார்த்து உங்களுக்கு ஒன்றும் தோன்றாவிட்டாலும் பரவாயில்லை, மற்ற வழிகள் இருக்கின்றன. நீங்கள் என்ன வாசிக்கிறீர்கள், எதை வைத்து வரைகிறீர்கள் என்று எழுதினால் இன்னும் குறிப்பாகச் சொல்கிறேன்.