பஸ் ஓட்ட முடியாவிட்டால் வேலையே போய்விடுமா?

கேள்வி: என் கணவர் அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் 18 ஆண்டுகளாக ஓட்டுநர். வயது 46. சர்க்கரை நோயால் வலது கண் பார்வை போய்விட்டது. இடது கண் நன்றாகத் தெரிகிறது. மெடிக்கல் போர்டு ‘ஓட்டுநர் பணிக்குத் தகுதியில்லை’ என்று எழுதிவிட்டது. சான்றிதழில் குறைபாடு 30 சதவீதம் என்று இருக்கிறது. 40 இல்லாததால் மாற்றுப் பணி கிடையாதாம். உடல்நிலை காரணமாக ஓய்வு கேட்டு எழுதிக் கொடுத்தால் பையனுக்கு வேலை பார்க்கலாம் என்கிறார்கள். டூட்டி கேட்டுப் போனால், ‘வீட்டில் இருங்க, சொல்லி அனுப்புறோம்’ என்கிறார்கள். மூன்று மாதமாகச் சம்பளம் இல்லை. பையன் பிளஸ் டூ படிக்கிறான். என்ன செய்வது?
வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: சகோதரி, முதல் வேலையாக இதைச் செய்யுங்கள்: அந்த ஓய்வுக் கடிதத்தில் உங்கள் கணவர் கையெழுத்துப் போட வேண்டாம். ஏற்கெனவே போட்டுக் கொடுத்திருந்தால், அதை ஏற்று உத்தரவு வருவதற்குள் ‘திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்’ என்று இன்றே எழுதிக் கொடுக்கட்டும். தானாகக் கேட்டு வாங்கிய ஓய்வை அப்புறம் கோர்ட்டில் உடைப்பது மிகவும் சிரமம்.

இனி சட்டத்துக்கு வருவோம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 20(4). பணிக்காலத்தில் உடல் குறைபாடு அடைந்த ஊழியரை அரசு நிறுவனம் வேலையை விட்டு நீக்கக் கூடாது, பதவி இறக்கவும் கூடாது. பார்த்துவந்த வேலைக்கு அவர் பொருந்தவில்லை என்றால், அதே சம்பள விகிதமும் பணிப் பலன்களும் உள்ள வேறு பணிக்கு மாற்ற வேண்டும். அப்படி இடமே இல்லையா? அவருக்கென்று ஒரு கூடுதல் பணியிடத்தை உருவாக்கி, பொருத்தமான இடம் காலியாகும் வரையோ ஓய்வு பெறும் வயது வரையோ அதில் வைத்திருக்கலாம். ‘காலியிடம் இல்லை’ என்று சொல்லி ஆளை வீட்டுக்கு அனுப்ப வழியில்லை. போக்குவரத்துக் கழகம் கம்பெனியாகப் பதிவாகியிருந்தாலும் அரசுக்குச் சொந்தமானது என்பதால், இந்தச் சட்டத்தின்படி அதுவும் அரசு நிறுவனமே.

40 சதவீதக் கணக்குதான் உங்களை அதிகம் பயமுறுத்தியிருக்கிறது. அது இங்கே பொருந்தாது. வேலையில் சேரும்போது தரப்படும் 4 சதவீத இட ஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்குத்தான் 40 சதவீதம் வேண்டும். பிரிவு 20(4) குறைபாடு என்று மட்டும் சொல்கிறது. இத்தனை சதவீதம் என்று எல்லை வைக்கவில்லை. ஒரு கண் முழுதும் போய் மறு கண் நன்றாக இருந்தால் 30 சதவீதம் என்பது அரசு வழிகாட்டு நெறியிலேயே உள்ள கணக்கு. இந்த 30ஐக் காட்டி ஓட்டும் வேலைக்கு லாயக்கில்லை என்றும் சொல்வார்கள், மாற்றுப் பணிக்கு இது போதாது என்றும் சொல்வார்கள் என்றால், அந்த மனிதர் எங்கேதான் போவார்?

இது வெறும் என் கருத்து இல்லை. 1995ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் நிறக்குருடு குறைபாடுகளின் பட்டியலிலேயே கிடையாது. அப்படியிருந்தும், நிறக்குருடு என்று கண்டறியப்பட்ட ஓர் அரசு பஸ் ஓட்டுநருக்கு மாற்றுப் பணி தர வேண்டும் என்று 2006லேயே சென்னை உயர் நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் தெலங்கானா அரசுப் பஸ் ஓட்டுநர் ஒருவர் வழக்கில் அதையே செய்தது. வேறு வேலை இருக்கிறதா என்று தேடிக்கூடப் பார்க்காமல் மருத்துவ ஓய்வில் அனுப்பியது தவறு, அதே சம்பள விகிதத்தில் வேலை கொடு என்றது. தேட வேண்டியது நிர்வாகத்தின் கடமை. நோயாளி தனக்கு வேலை தேடிக் கொடுக்க வேண்டியதில்லை.

‘சர்க்கரை நோயால் வந்ததுதானே, டூட்டியில் அடிபட்டா போனது?’ என்றும் கேட்பார்கள். பார்வை பணிக்காலத்தில் போனதா என்பதை மட்டும்தான் சட்டம் பார்க்கிறது. எதனால் போனது என்பது கேள்வியே இல்லை.

பையனுக்கு வேலை என்ற பேச்சை நம்பாதீர்கள். கருணை அடிப்படையிலான வேலை ஒரு சலுகை, உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் பல முறை சொல்லியிருக்கிறது. வரிசை உண்டு, காலியிடம் வேண்டும், தகுதியும் வேண்டும். உங்கள் பையன் இன்னும் பள்ளியை முடிக்கவில்லை. கையில் இருக்கும் உரிமையைக் கொடுத்து, எப்போது வரும் என்று தெரியாத சலுகையை வாங்காதீர்கள். அவன் படிக்கட்டும்.

ஒன்றில் மட்டும் உங்கள் கணவர் தெளிவாக இருக்க வேண்டும். ‘எனக்கு நன்றாகத் தெரிகிறது, பஸ் கொடுங்கள்’ என்று வாதாட வேண்டாம். பயணிகள் உயிர் சம்பந்தப்பட்டது, கோர்ட்டும் ஏற்காது. கேட்க வேண்டியது மாற்றுப் பணி மட்டுமே. அதையும் வாயால் கேட்காமல் எழுத்தில் கேளுங்கள். பொது மேலாளருக்கு ஒரு பக்க மனு போதும், கிளை மேலாளருக்கு ஒரு நகல். இப்படி எழுதலாம்:

“நான் தங்கள் கழகத்தில் ... தேதி முதல் ஓட்டுநராகப் பணிபுரிகிறேன். பணிக்காலத்தில் வலது கண் பார்வையை இழந்துள்ளேன். ... தேதியிட்ட மருத்துவக் குழு அறிக்கை என்னை ஓட்டுநர் பணிக்குத் தகுதியற்றவர் என்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பிரிவு 20(4)இன்படி, அதே சம்பள விகிதத்திலும் பணித் தொடர்ச்சியுடனும் எனக்கு மாற்றுப் பணி வழங்கவும், எனக்குப் பணி தரப்படாத நாட்களுக்கு ஊதியம் வழங்கவும் கேட்டுக்கொள்கிறேன். விருப்ப ஓய்வோ மருத்துவ ஓய்வோ நான் கேட்கவில்லை.”

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். மனுவோடு மெடிக்கல் போர்டு அறிக்கை, சான்றிதழ், கடைசியாக வாங்கிய சம்பளச் சீட்டு ஆகியவற்றின் நகல்களை வையுங்கள். நேரில் கொடுத்தால் இன்னொரு பிரதியில் சீல் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

டைம் கீப்பர், ஸ்டோர், டிக்கெட் பிரிவு, அலுவலக உதவியாளர் என்று அவரால் செய்ய முடிந்தவற்றை மனுவில் குறிப்பிடலாம். 18 வருடம் டெப்போவில் இருந்தவருக்கு அங்கே தெரியாத வேலை என்ன இருக்கப் போகிறது! ஒற்றைக் கண்ணில் தூரம் சரியாகப் பிடிபடாது. அதனால் இரவில் பஸ்கள் ரிவர்ஸ் எடுக்கும் யார்டில் போட வேண்டாம் என்றும், இடது கண் பரிசோதனைக்குப் போகும் நாளில் ஷிப்ட் மாற்றித் தரும்படியும் கேட்கலாம். இந்த அளவு வசதி செய்து தருவதும் நிர்வாகத்தின் கடமைதான், பிரிவு 20(2)இன்படி. ஆனால் பஸ் ஓட்டினால் வரும் பேட்டா இனியும் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். பாதுகாக்கப்படுவது சம்பள விகிதமும் பணிப் பலன்களும்.

இதற்கிடையில் ‘ஆப்சென்ட்’ என்று மெமோ வந்தால் பேசாமல் இருந்துவிடாதீர்கள். ‘நான் வேலைக்கு வந்தேன், நீங்கள்தான் பணி தரவில்லை’ என்று ஒவ்வொரு மெமோவுக்கும் பதில் கொடுங்கள். பதில் போகாத மெமோக்கள்தான் பின்னால் ‘வேலையை விட்டுப் போய்விட்டார்’ என்ற உத்தரவாக மாறும்.

மனுவுக்குப் பதிலே இல்லை என்றால்? கழகத்தில் பிரிவு 23இன்படி குறைதீர் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். புகாரை அவர் இரண்டு வாரத்தில் விசாரிக்க வேண்டும். திருப்தி இல்லையென்றால் மாவட்ட அளவிலான குழுவுக்குப் போகலாம். சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமும் முறையிடலாம். வக்கீல் இல்லாமலே முடியும். ஆனால் ஆணையர் தருவது பரிந்துரை. ஏற்காவிட்டால் மூன்று மாதத்துக்குள் நிர்வாகம் காரணம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். மூன்று மாதமாக அடுப்பெரியச் சம்பளம் வராத வீட்டில் அதுவரை காத்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மனு கொடுத்து ஒரு மாதத்தில் அசைவு இல்லையென்றால், சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுங்கள். தாமதம் உங்களுக்கு எதிராகத்தான் பேசும்.

இதைப் படிக்கும் தனியார் ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை: பிரிவு 20(4)இன் பாதுகாப்பு அரசு நிறுவனங்களுக்கு மட்டும்தான், இது இந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டை என்றே நினைக்கிறேன். ஆனாலும் பாகுபாடு கூடாது என்ற பிரிவு 3 இருக்கிறது. சம வாய்ப்புக் கொள்கை வைத்திருக்க வேண்டும் என்ற பிரிவு 21 தனியாரையும் கட்டுப்படுத்தும். உங்கள் கம்பெனியில் அந்தக் கொள்கையின் நகலை எழுத்தில் கேளுங்கள்.

சகோதரி, வக்கீல் பீஸுக்கு என்ன செய்வது என்று தயங்க வேண்டாம். மாற்றுத்திறனாளிக்கு இலவச சட்ட உதவி உண்டு, வருமானம் எவ்வளவு என்று பார்க்க மாட்டார்கள். விழுப்புரம் கோர்ட் வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் சான்றிதழோடு போங்கள், அல்லது 15100க்கு போன் செய்யுங்கள். உயர் நீதிமன்ற வழக்கு என்று சொன்னால், அங்குள்ள சட்டப் பணிகள் குழு வழியாக வக்கீல் அமர்த்தித் தருவார்கள்.