வாசகர் கேள்வி – பதில்: தென்கிழக்கு ஆஸ்திரேலியாவின் காட்டுத்தீக் காலம்

கே: மழை பொய்த்த வருஷத்தில் புல் பூண்டே வளராதே, பிறகு எரிய என்ன இருக்கிறது?

ப: புல்வெளிக்கு நீங்கள் சொல்வது சரி. அங்கே நல்ல மழைக்குப் பின் வரும் கோடையே அதிக ஆபத்து. காட்டில் கணக்கு வேறு. யூகலிப்டஸ் சருகும் பட்டையும் வருஷக்கணக்கில் குவிந்து கிடக்கும். வழக்கமாக ஓடைப் பள்ளங்களும் தெற்குச் சரிவுகளும் ஈரமாக இருந்து தீயை ஆங்காங்கே நிறுத்திவிடும். நீண்ட வறட்சியில் அவையும் காய்ந்துவிட, தீயை நிறுத்த எதுவும் மிஞ்சாது. ஆஸ்திரேலியாவின் பதிவுகளிலேயே மிக வெப்பமான, மிக வறண்ட ஆண்டு 2019. அந்தப் பருவத்தில் மழைக்காடுகளுக்குள்ளேயே தீ புகுந்தது.

கே: குளிர்ந்த காற்று வரப்போகிறது என்றால் நிம்மதிதானே? அதை ஏன் எச்சரிக்கையாகச் சொல்கிறார்கள்?

ப: உயிர்கள் அதிகம் போவது அந்த நேரத்தில்தான். பகல் முழுக்க வடமேற்கிலிருந்து வீசும் அனல்காற்று தீயைத் தென்கிழக்காக, ஒடுங்கிய நீளப் பட்டையாக ஓட்டுகிறது. பிறகு குளிர்ந்த காற்று வந்ததும், சில நிமிடங்களில் திசை மாறித் தென்மேற்கிலிருந்து வீசத் தொடங்கும். அதுவரை மெல்ல எரிந்த வடகிழக்குப் பக்கம் முழுவதும் தீயின் முகப்பாகிவிடும். பட்டையின் நீளம் 30 கி.மீ. என்றால் முகப்பும் 30 கி.மீ. 2009 பிப்ரவரி 7 அன்று மெல்பர்னில் 46.4 டிகிரி வெயில்; விக்டோரியா மாநிலத்தில் 173 பேர் இறந்தார்கள். மேரிஸ்வில் ஊர் அன்று மாலை காற்று திரும்பிய பிறகே அழிந்தது. உங்கள் வீடு தீக்கு வடகிழக்கில் இருந்தால், தீ விலகிப் போகிறது என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

கே: காட்டோர வீட்டை எப்படித் தயார் செய்வது?

ப: பெரும்பாலான வீடுகள் பற்றுவது காற்றில் பறந்து வரும் கங்குகளால்தான். முகப்பு வருவதற்கு முன்பே அவை விழும். அது கடந்த பிறகும் மணிக்கணக்கில் விழும். அதனால் முதல் வேலை கூரையில். மழைநீர் வடியும் தகர வாய்க்காலில் சருகு இருக்கவே கூடாது. காற்றுத் துளைகளுக்கு 2 மி.மீ.க்கு மிகாத கண்ணுள்ள உலோக வலை அடியுங்கள். பிளாஸ்டிக் வலை உருகி வழிவிட்டுவிடும். கால்மிதி, விறகு, செடிகளுக்குப் போடும் மரத்தூள் எல்லாம் சுவரைவிட்டுத் தள்ளிப் போகட்டும். புல் 10 செ.மீ.க்குள் இருக்கட்டும். மரக்கிளைகள் தரையிலிருந்து 2 மீட்டருக்குக் கீழே தொங்கக் கூடாது, கூரைமேல் கவியவும் கூடாது. எரிவாயு சிலிண்டரின் பாதுகாப்பு வால்வு வீட்டுக்கு எதிர்ப்புறம் பார்க்கவேண்டும்.

தண்ணீரில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். தீ நெருங்கும்போது மின்சாரம் போகும், மோட்டார் நின்றுவிடும். ஊரே குழாயைத் திறப்பதால் குழாயில் அழுத்தமும் இருக்காது. தனித் தொட்டியில் குறைந்தது 10,000 லிட்டர், டீசல் அல்லது பெட்ரோல் பம்ப், அதற்கு அனல் படாத மறைப்பு, தரைக்கு மேலே உலோகக் குழாய் ஆகியவை தேவை. பிளாஸ்டிக் குழாயை மண்ணுக்குள் புதைத்துவிடுங்கள்.

கே: இவ்வளவும் செய்தால், ஆபத்து உச்சநிலையில் உள்ள நாளிலும் வீட்டில் தங்கலாமா?

ப: கூடாது. 2022 செப்டம்பர் முதல் நடப்பிலுள்ள நான்கு தீ ஆபத்து நிலைகளில் கடைசியானது 'கேட்டஸ்ட்ராஃபிக்' (பேரழிவு நிலை). அப்படி அறிவித்தால் முந்தைய இரவே, இல்லையென்றால் அதிகாலையிலேயே கிளம்பிவிடுங்கள். புகை தெரிந்த பிறகு கிளம்பினால் சாலையில் மரம் விழுந்திருக்கலாம், எதிரே வரும் வண்டியும் கண்ணுக்குத் தெரியாது.