நினைவை அடக்கினால் அம்மாவின் குரலும் போய்விடுமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் ஒரு யோகா வகுப்புக்கு ஆறு மாதமாகப் போய்வருகிறேன். கண்ணை மூடி உட்கார்ந்ததும், சென்ற ஆண்டு காலமான என் அம்மா, ‘கண்ணு, சாப்ட்டியா?’ என்று கேட்கும் குரல் வந்துவிடுகிறது. நினைவும் ஒரு சித்த விருத்திதான், அதாவது மனத்தின் அசைவுதான், அதையும் அடக்க வேண்டும் என்று யோக சூத்திரம் இயற்றிய பதஞ்சலியே சொல்லியிருப்பதாக ஆசிரியர் கூறுகிறார். அப்படியானால் அம்மாவை மறப்பதுதான் யோகமா?
– வாசகர், காலாடிப்பேட்டை

பதில்: மறப்பது யோகம் அன்று. உங்கள் ஆசிரியர் சொன்னது யோக சூத்திரத்தில் உள்ளதுதான். ஆனால் அதில் பாதி மட்டுமே. பிரமாணம் (சரியான அறிவு), விபர்யயம், விகற்பம், நித்திரை, ஸ்மிருதி (நினைவு) என்று ஐந்து விருத்திகளைப் பெயர் சொல்லி எண்ணுவதற்கு முன்பே, அவை துன்பம் தருவன, தராதன என இரு வகைப்படும் என்று பதஞ்சலி சொல்லிவிடுகிறார். முடிவில் எல்லா விருத்திகளும் ஒடுங்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் அங்கே போய்ச் சேர உதவுவனவற்றை முதற்பாதத்தின் 20ஆம் சூத்திரத்தில் அடுக்கும்போது, சிரத்தைக்கும் (நம்பிக்கை) வீரியத்துக்கும் (ஊக்கம்) அடுத்ததாக அவர் வைப்பது ஸ்மிருதியைத்தான். விருத்திகள் ஓய்ந்த நிலையிலும் சம்ஸ்காரம், அதாவது அனுபவம் மனத்தில் விட்டுச்சென்ற தடம், எஞ்சியிருக்கிறது என்கிறது 18ஆம் சூத்திரம்.

நினைவுக்கு அவர் தரும் இலக்கணம் என் மனத்துக்கு மிகவும் நெருக்கமானது. அனுபவித்த பொருள் ‘அசம்பிரமோஷமாக’ இருப்பது ஸ்மிருதி என்கிறார். அந்தச் சொல்லின் வேர் களவைக் குறிப்பது. ஆகவே, பட்டறிந்தது களவு போகாமல் இருப்பதே நினைவு என்று அதைத் தமிழில் சொல்லலாம். அம்மாவின் குரல் உங்களிடம் களவு போகவில்லை. அதற்காக நீங்கள் வருந்த வேண்டியதில்லை.

பின் எதைக் களைய வேண்டும்? உங்கள் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஜோசப் காலெட்டின் பெயரால் நெசவாளர்களுக்காக ஏற்பட்ட காலெட் பேட்டை, மக்கள் வாயில் மருவிக் காலாடிப்பேட்டை ஆயிற்று. இது தெரியாமல் காலோடு ஏதோ தொடர்புள்ள ஊர் என்று நம்பினால் அது விபர்யயம், அதாவது பிழையறிவு. உண்மை தெரிந்ததும் விலகிவிடும். தெரிந்த பிறகும் அந்தப் பெயரைக் கேட்டவுடன் ஆடுகிற கால் ஒன்று கண்முன் வந்து போகிறதே, அது விகற்பத்தின் சாயல். பொருள் இல்லாதபோதும் சொல்லின் பின்னாலேயே வரும் அறிவு என்று 9ஆம் சூத்திரம் அதைத்தான் சொல்கிறது.

இந்தச் சொல்லின் பிடியைப் பற்றி 42, 43ஆம் சூத்திரங்களில் பதஞ்சலி பேசுகிறார். ‘பசு’ என்னும் சொல், பசுவாகிய பொருள், பசு என்னும் அறிவு ஆகிய மூன்றும் வெவ்வேறு. நாம் அவற்றை ஒன்றாகவே கொள்கிறோம் என்று யோக சூத்திரத்தின் பழைய உரையாகிய வியாச பாஷ்யம் விளக்குகிறது. தியானத்திலும் அவை கலந்தே இருந்தால் அந்த நிலை சவிதர்க்கம். ‘ஸ்மிருதி பரிசுத்தி’ ஏற்பட்டு, சொற்குறி வழியாக ஒட்டிய நினைவுகள் உதிர்ந்து, பொருள் மட்டும் ஒளிர்ந்தால் அது நிர்விதர்க்கம். நினைவின் அழிவு என்று சொல்லாமல் நினைவின் தூய்மை என்று சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். உங்கள் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

அம்மாவின் குரல் வந்த மறுகணமே என்ன நடக்கிறது? ‘இன்னும் கொஞ்சம் முன்னதாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கலாமே’, ‘கடைசி நாளில் பக்கத்தில் இல்லாமல் போனேனே’ என்று சொற்கள் வரிசையாக வந்து அந்தக் குரலின் மேல் அப்பிக்கொள்கின்றன அல்லவா? பெற்றவரை இழந்த பலருக்கும் இப்படித்தான் நடக்கிறது. துன்பம் தரும் விருத்தி அந்தச் சொற்களே, குரல் அன்று.

அடுத்த முறை அந்தக் குரலை விரட்டாதீர்கள். ‘கண்ணு’ என்பதில் இருந்த குழைவையும், ‘சாப்ட்டியா’ என்பதன் கடைசி எழுத்து மேலேறி நின்ற விதத்தையும் அப்படியே கேளுங்கள். அதன்மேல் ஒரு சொல் வந்து ஒட்டும்போது, அது வேறு, குரல் வேறு என்று பிரித்துப் பார்த்துவிட்டு மூச்சுக்குத் திரும்புங்கள். இதுவே நிர்விதர்க்கம் ஆகிவிடாது. அது ஆழ்ந்த சமாதியில் கைகூடுவது. ஆறு மாதப் பயிற்சி உள்ளவர் தொடங்குவதற்கு இது போதும். வகுப்பில் உங்கள் ஆசிரியரிடம், 20ஆம் சூத்திரத்தையும் 43ஆம் சூத்திரத்தையும் சேர்த்து ஒரு நாள் பாடம் நடத்தச் சொல்லிக் கேளுங்கள்.